கேடயக்காரரின் முறை

அத்தியாயம் 17

நேராகச் சொல்லிவிட வேண்டிய விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லப் போகிறேன் என்று போன வாரம் ஒற்றைக்காலில் நின்றாள் அக்கா. வீட்டில் யார் சொல்லியும் கேட்கவில்லை. நீங்களும் நானும் சொன்னால் மட்டும் கேட்டுவிடுவாளா என்ன?

விஷயம் இதுதான். லிப்ட் மெக்கானிக்காக இருக்கும் தம்பிக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருக்கிறது. பத்து நாளில் கிளம்ப வேண்டும். அவனோடு ஒரே வீட்டில் இருக்கும் அப்பாவுக்கு இது தெரியாது. சொல்லிவிடுகிறேன் என்று தம்பி மூன்று முறை வாயைத் திறந்தான், மூன்று முறையும் அக்கா அடக்கிவிட்டாள். அப்பாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்து பத்து மாதம்தான் ஆகிறது. பக்குவமாகச் சொல்ல வேண்டும், அந்தப் பக்குவம் தனக்கு மட்டும்தான் வரும் என்பது அவள் முடிவு.

அதோடு விட்டாளா? தம்பி போன பிறகு அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவது, அப்பா வீட்டை வாடகைக்கு விடுவது என்று அதையும் அவளே தீர்மானித்து, வீட்டுத் தரகரிடம் பேசியும் விட்டாள். அப்பாவிடம் மட்டும் பேசவில்லை.

ஆக, சொல்ல வேண்டியது இரண்டு. இரண்டையும் தொடங்கிவைக்க அவள் குறித்திருந்த நாள் இந்த ஞாயிற்றுக்கிழமை. வழி, அவர்கள் ஞாயிறுதோறும் ஆடும் ஆட்டம்.

புதிதாக இந்தத் தொடருக்குள் வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இது காய் நகர்த்தி ஜெயிக்கிற ஆட்டம் இல்லை. ஆளுக்கொரு பாத்திரம், அந்தப் பாத்திரத்தின் ஆயுதம், திறமை, உயிர்ப் புள்ளி எல்லாம் எழுதிய ஒரு தாள். ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கதையை நடத்துவார். கோட்டையும் காடும் பூதமும் அவர் வாயிலிருந்து வரும். வீசிய அடி பட்டதா என்பதைப் பகடை சொல்லும். நடத்துகிறவருக்கு முன்னால் ஒரு அட்டை மறைப்பு நிற்கும். அதற்குப் பின்னால் அவர் உருட்டுவதை மற்றவர்கள் பார்க்க முடியாது, அவர் சொல்வதை நம்ப வேண்டியதுதான். இந்தக் குடும்பத்தில் நடத்துகிறவள் அக்கா. வேறு யாராக இருக்க முடியும்?

தம்பியின் ஆள் கோடாலிக்காரன். விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, ஒரு சுற்றில் மூன்று வெட்டு வெட்டுகிற மாதிரி அவனைத் தயார் செய்திருந்தான் தம்பி. அக்காவின் வீட்டுக்காரருடைய ஆள் ஒரு திருடன். பல் செட் செய்யும் பட்டறை வைத்திருக்கும் அந்த நல்ல மனிதரின் திருடன் இதுவரை எதையும் திருடியதில்லை, பூதங்களோடு பேச்சுவார்த்தை நடத்துவதோடு சரி. அப்பாவின் ஆள் வயதான கேடயக்காரர். மெதுவாக நடப்பார், லேசாக அடிப்பார், இரண்டு பலமான அடி விழுந்தால் போய்விடுவார்.

இந்த மூன்று பேரையும் வைத்துக்கொண்டு ஒரு சண்டையைச் சமன் செய்து பாருங்கள், அப்போது தெரியும் அக்காவின் பாடு. தம்பிக்கு ஈடான பூதத்தை விட்டால் அப்பா முதல் சுற்றிலேயே காலி. அப்பாவுக்கு ஈடானதை விட்டால் தம்பி கொட்டாவி விடுவான். ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். பூதம் பெரிதாகவே வரும், ஆனால் அப்பாவின் பக்கம் திரும்பவே திரும்பாது. பத்து மாதமாக அந்தக் கேடயத்தில் ஒரு கீறல் விழவில்லை.

இந்த வாரத் திட்டம் இன்னும் கடினமானது. தம்பியின் கோடாலிக்காரன் சாக வேண்டும், அவன் மட்டும் சாக வேண்டும். ஆட்டத்தில் அவன் இல்லாமல் போனால் அப்பாவின் மனசு கொஞ்சம் பழகும், ஒரு வாரம் கழித்து மாற்றல் விஷயத்தைச் சொன்னால் பாதி பாரம் ஏற்கெனவே இறங்கியிருக்கும் என்பது அவள் கணக்கு. இப்படி ஒரு யோசனை யாருக்காவது வருமா என்று கேட்காதீர்கள், அவளுக்கு வந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை என்றாலும் அன்று காலை அரை நாள் அக்காவுக்கு வேலை இருந்தது. அவள் பிசியோதெரபிஸ்ட். முழங்கால் ஆபரேஷன் ஆன ஒரு பெரிய மனிதர் கட்டிலில் படுத்துக்கொண்டு காலைத் தூக்கி இறக்கினார். பன்னிரண்டாவது தடவையிலேயே பதினைந்து என்றார். அவள் திருத்தினாள். அடுத்த காலுக்கும் அதையே செய்தார்.

“நான் எண்ணிட்டுத்தான் இருக்கேன் சார். என்னை ஏமாத்தி உங்களுக்கு என்ன கிடைக்கப் போகுது?” என்று கேட்டுவிட்டாள். அவர் முகம் சுருங்கியது. வழக்கமாக அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அவள் தலைக்குள் ஒரு பாம்பு ஓடிக்கொண்டிருந்தது.

ஆட்டத்தில் வரப்போகும் அந்தப் பாம்புக்கு நூற்று நாற்பது உயிர்ப் புள்ளி. மூவரும் சேர்ந்து அடித்தால் நான்காவது சுற்றில்தான் விழும். கோடாலிக்காரனுக்கு எழுபத்திரண்டு. சுற்றுக்கு இரண்டு கடி என்று வைத்தால் மூன்றாவது சுற்றின் முடிவில் அவன் கதை முடியும். அவனையே கடிக்க வைப்பது எப்படி? அதற்கும் ஒரு விதி எழுதினாள்: தன்னை யார் அதிகமாக அடித்தாரோ அவரையே பாம்பு திருப்பிக் கடிக்கும். அதிகமாக அடிக்கிறவன் எப்போதும் தம்பிதானே. தம்பியின் தாளை மூன்று முறை வரிவரியாகப் படித்து, அவன் தப்பிக்கக்கூடிய ஓட்டை ஒவ்வொன்றையும் அடைத்தாள். ஐந்து தடவை எழுதி, நாலைக் கிழித்துப் போட்டு, எஞ்சியது பையில் இருந்தது.

கிளம்பும் நேரத்தில் தரகர் கூப்பிட்டார். புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு தம்பதி வீடு பார்க்க வருகிறார்கள், பெரியவர் வீட்டில் இருப்பாரா என்று கேட்டார். அந்த நேரத்தில் அவர் நடக்கப் போயிருப்பார் என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

*

அப்பா சாப்பாட்டு மேசையைத் துடைத்து, நாலு நாற்காலியையும் ஒழுங்காக இழுத்துப் போட்டு வைத்திருந்தார். எடை அளவு ஆய்வாளராக முப்பத்திரண்டு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கியவர். மேசையில் ஒரு பென்சில் கோணலாக இருந்தாலும் அவருக்குப் பொறுக்காது.

வீட்டுக்காரர் டப்பாவைத் திறந்து பாம்பை எடுத்து வைத்தார். பல் அச்சு எடுக்கும் மாவில் செய்தது. அவர் செய்கிற எல்லா பூதங்களையும் போல இதற்கும் மனிதருடைய கடைவாய்ப் பற்கள், அதுவும் வரிசை தப்பாத பற்கள். அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்து, மாப்பிள்ளைக்குக் கை நல்லா வந்திருக்கு என்றார். தம்பி எதையும் பார்க்கவில்லை. அக்காவை மட்டும் பார்த்து, “இன்னிக்கு சொல்லிடுவேல்ல?” என்று வாய்க்குள் கேட்டான். அவள் மறைப்பை நிறுத்திவிட்டு அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அங்கேயிருந்து எல்லாம் கோணலாகப் போக ஆரம்பித்தது.

பாலத்தடியில் பாம்பு படுத்திருக்கிறது என்று சொல்லி முடிக்கவில்லை, வீட்டுக்காரர் தன் திருடனைப் பேச அனுப்பினார். பாம்புக்குப் பேச்சு வராது என்றாள். சைகை காட்டுகிறேன் என்றார். பாம்புக்குக் கண் தெரியாது என்றாள். அப்படியானால் சத்தம் போடாமல் தாண்டிப் போய்விடலாமே என்றார் அவர், நல்ல எண்ணத்தோடுதான். திட்டம் தெரிந்த மனுஷனே இப்படிச் செய்தால் மற்றவர்களை என்ன சொல்ல? அதற்குள் தம்பி, பாலத்தின் தூண்களை வெட்டிப் பாம்பின் மேலேயே பாலத்தைச் சாய்த்துவிடலாம் என்று புதிதாக ஒன்றைக் கிளப்பினான். சண்டையே இல்லாமல் பாம்பு நசுங்கிப் போகும் யோசனை அது. ஒரு வாரம் உட்கார்ந்து எழுதியதைப் பத்து நிமிஷத்தில் தவிடுபொடி ஆக்கப் பார்க்கிறார்களே என்று அக்காவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

“தூண் கல்லு. கோடாலி இறங்காது,” என்றாள்.

“போன வாரம் மரப்பாலம்னு சொன்னே.”

“இது வேற பாலம்.”

தம்பி நாற்காலியில் சாய்ந்துகொண்டான். இந்த மாதிரி விஷயத்தில் அவனுக்கு மூக்கு கூர்மை. ஒரு சண்டைக்குள் தள்ளப்படுகிறோம் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. ஏன் என்றுதான் புரியவில்லை.

முதல் சுற்று. பாம்பு இரண்டு முறையும் கோடாலிக்காரனையே கடித்தது. முப்பத்து மூன்று புள்ளி போனது. இரண்டாவது சுற்று. ஒரு கடி தவறியது, இன்னொன்று இருபதைக் கொண்டுபோனது. தம்பியிடம் பத்தொன்பது மிச்சம். அவனை ஒட்டினாற்போல் நின்ற கேடயக்காரரின் பக்கம் பாம்பு திரும்பவே இல்லை. இதுவரைக்கும் கணக்கு அச்சுக் குலையாமல் போகிறது என்று அக்கா உள்ளுக்குள் மூச்சு விட்டாள்.

தம்பி பகடையை மேசையில் வைத்தான்.

“பத்து மாசமா எல்லாம் என்னையே கடிக்குது. அப்பா பக்கத்துலயே நிக்கிறாரு, அவரை ஒரு கொசு கூடக் கடிக்கலை. நீ என்னதான் பண்றேக்கா?”

பாம்புக்கு ஒரு விதி இருக்கிறது என்றாள் அக்கா. எந்தப் பாம்புக்குத்தான் இல்லை, போன மாதம் வந்த ஓநாய்க்கும் இருந்தது, அதற்கு முன்னால் வந்த பூதத்துக்கும் இருந்தது என்று தம்பி அடுக்கினான். வீட்டுக்காரர் டீ போடப் போவதாகச் சொல்லி எழுந்தார், எழுந்தவர் போகவில்லை.

அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“மறைப்பை எடும்மா.”

“அப்பா, நடத்துறவங்களுக்கு அது வேணும். அதுதான் ஆட்டம்.”

“எடுன்னா எடு.”

அவள் எடுக்கவில்லை. அப்பா எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். கடைக்காரர்களிடம் அவர் அனுமதி கேட்டு நின்றதில்லை, தராசைத் தூக்கி அடியில் பார்த்துவிடுவார். அதே கையால் மறைப்பை மடக்கி ஓரமாக வைத்தார். அதன் பின்னால் இருந்த தாளை எடுத்து, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு படித்தார். அக்காவின் எழுத்து குண்டு குண்டாக, யாரும் தப்பாகப் படிக்க முடியாத எழுத்து.

“மூணாவது சுத்துக்குள்ள தம்பியோட ஆள் சாகணும்.” அடுத்த வரிக்குப் போனார். “அப்பாவைத் தொடக் கூடாது.”

தம்பி அக்காவைப் பார்த்தான். அவனுக்கு வந்த கோபத்தில் காது சிவந்துவிட்டது. அக்காவுக்கோ வெட்கமும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. எல்லாம் இவருக்காகத்தானே செய்தோம், அதையும் இப்படி எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டுமா என்று மனசு பொங்கியது.

அப்பா தாளை அவள் முன்னாலேயே திருப்பி வைத்தார். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

“ஆட்டத்தை முடி. பாம்பு யாரைக் கடிக்கணுமோ அவனைக் கடிக்கட்டும். பகடையை இங்க, நடுவுல உருட்டு.”

அவள் உருட்டினாள். பட்டது. அடியின் அளவுக்கு மறுபடி உருட்டினாள். பதினெட்டு. தம்பி தன் தாளில் கழிக்கப் பென்சிலை எடுத்தான்.

“நீ கழிக்காதே. அந்த அடி எனக்கு,” என்றார் அப்பா.

அப்படிச் செய்ய முடியாது என்றாள் அக்கா. அப்பா தன் தாளை அவள் பக்கம் தள்ளினார். ஆய்வாளர் எழுத்தில், சிவப்புக் கோடு போட்டு எழுதியிருந்தது: பக்கத்தில் நிற்பவர் மேல் விழும் அடியைக் கேடயக்காரர் விரும்பினால் தன் மேல் வாங்கிக்கொள்ளலாம். விதிப் புத்தகத்தில் எத்தனையாவது பக்கம் என்பது கூடக் குறித்திருந்தார். ஆட வர ஆடப் படிப்படியாக உயர்ந்து மூன்றாம் நிலைக்கு வரும்போதே கேடயக்காரர்களுக்குக் கிடைக்கிற திறமை அது. அப்பாவின் ஆள் அந்த நிலைக்கு வந்து ஏழெட்டு மாதம் ஆகிறது.

அக்கா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். தம்பியின் தாளை வரிவரியாகப் பார்த்தவள், பத்து மாதமாக அப்பாவின் தாளை ஒருமுறைகூடக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. அவர் மேல் எதுவும் படப்போவதில்லை என்று முடிவு செய்த பிறகு அவரால் என்ன முடியும் என்பதை எதற்குப் பார்க்க வேண்டும்? அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது, நன்றாகவே உறைத்தது.

“முப்பத்தொண்ணுல பதினெட்டு போச்சு. பதிமூணு இருக்கு,” என்று அப்பா கழித்து எழுதினார். “இன்னொரு கடி பாக்கி. உருட்டு.”

“வேண்டாம்ப்பா.”

“உருட்டுன்னு சொன்னேன்.”

பட்டது. பதினைந்து.

அப்பா கழித்துப் பார்த்தார். பென்சிலால் தன் தாளின் குறுக்கே ஒரு கோடு போட்டார், பென்சிலை மேசையின் விளிம்புக்கு நேராக வைத்தார்.

“என் ஆள் செத்தாச்சு. நான் நல்லாத்தான் உட்கார்ந்திருக்கேன். இப்பச் சொல்லுங்க.”

அக்கா வாயைத் திறப்பதற்குள் தம்பி சொல்லிவிட்டான். மாற்றல், ஊர், பத்து நாள். மூன்று வாரமாக அவன் ஒத்திகை பார்த்த நீண்ட பேச்சு ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

“தெரியும்,” என்றார் அப்பா. “உன் கம்பெனியிலேர்ந்து விலாசத்தைச் சரி பார்க்கக் கூப்பிட்டாங்க. போனை நான்தான் எடுத்தேன். மூணு வாரமாச்சு. நீயா சொல்லுவேன்னு தினமும் சாப்பிடும்போது உன் மூஞ்சியைப் பார்த்துட்டு இருந்தேன்.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அப்பா அவனை அதற்கு மேல் கடிந்துகொள்ளவில்லை. போய்ட்டு வா, அந்த ஊரில் ஈரம் அதிகம், நல்ல செருப்பாக வாங்கிக்கொள் என்றார். பிறகு அக்காவிடம் திரும்பினார். அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குத் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும்.

“முப்பத்திரண்டு வருஷம் நான் பிடிச்சவங்க எல்லாரும் எடையைக் குறைச்சவங்க. எனக்குக் கூட்டிப் போட்ட ஒரே ஆள் நீதான். அதுவும் பொய் எடைதாம்மா.”

அவள் கண் நிறைந்துவிட்டது. உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஆரம்பித்தாள். ஆகட்டுமே, ஆகும்போது நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாமா என்று கேட்டார் அவர். வீட்டுக்காரர் மெதுவாக வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

“வேற ஏதாவது மறைச்சு வெச்சிருக்கியா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம், தரகரைக் கூப்பிட்டு நாளைத் தள்ளிவைக்கலாம், அதற்குள் இன்னொரு வழி யோசிக்கலாம். எத்தனை வேகமாக அவள் மூளை அந்தப் பக்கம் ஓடியது தெரியுமா? பத்து மாதப் பழக்கம். மேசையில் மறைப்பு இல்லாமல் எல்லாம் வெட்ட வெளிச்சமாகக் கிடந்தது. அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த வீட்டை வாடகைக்கு விடப் பேசியிருக்கேன். உங்களை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா நினைச்சேன். புதன்கிழமை பத்து மணிக்கு வீடு பார்க்க ஆள் வருது. நீங்க நடக்கப் போற நேரம்னுதான் அந்த நேரத்தைச் சொன்னேன்.”

இது தம்பிக்கும் தெரியாது. அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அப்பா அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். சுவர், ஜன்னல், நாலு நாற்காலி, சமையலறைக் கதவு. ஒவ்வொன்றையும் நிதானமாக. அக்கா அவர் மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தாள். மூச்சு சீராகத்தான் இருந்தது.

“வரச் சொல்லு,” என்றார். “புதன்கிழமை நான் நடக்கப் போகலை. வீட்டை நானே சுத்திக் காட்டுறேன்.”